கொளஞ்சியம்மாளின் கமிட்டி

கதையில் ஒரு திருப்பம் வருவதற்கு முன்னால் கொளஞ்சியம்மாள் இடது கைக் கட்டைவிரலை முந்தானையில் துடைப்பாள். மூன்று தரம். முதல் தரம் நகத்தின் மேலே, இரண்டாம் தரம் சதைப்பக்கம், மூன்றாவது தரம் விரலை மடக்கிப் பார்ப்பாள். அது மடங்காது. முந்திரிக்கொட்டை உடைக்கிற இடத்தில் எட்டு வருஷம் வேலை செய்தபோது ஓட்டு எண்ணெய் பட்டுப் பட்டு வெந்து, ஆறி, அப்படியே விறைத்துப்போன விரல். துடைத்து முடிகிறவரை வாய் திறக்கமாட்டாள். நாற்பது பெண்களும் கையிலிருக்கும் பருப்பை உரித்தபடியே அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விரல் முந்தானையை விட்டு வெளியே வந்ததும் சொல்லவேண்டியதைச் சொல்வாள். உடனே நாற்பது வாயும் ஒன்றாகத் திறந்து "ஆமாங்க்கா" என்னும்.

இந்த ஆமாங்க்காவுக்கு ஒரு சரித்திரம் உண்டு.

எங்கள் கொட்டகை திருப்பாதிரிப்புலியூரில் கெடிலத்தை ஒட்டி இருந்தது. மயில் மார்க் முந்திரிப்பருப்பு. பண்ருட்டியிலிருந்து மூட்டை மூட்டையாகக் கொட்டை வரும். அடுத்த கொட்டகையில் வறுத்து உடைப்பார்கள். எங்கள் கொட்டகையில் பெண்கள் உட்கார்ந்து பருப்பின் மேல்தோலை உரிப்பார்கள். நான் டின்களை மரப்பெட்டியில் அடுக்கி, பெட்டியின்மேல் ஒரு மயிலையும் நியூயார்க் என்ற எழுத்தையும் மையால் பதிப்பேன். 1948-ல் எனக்கு உத்தியோகம் அதுதான்.

உரிக்கிறவர்கள் பருப்பைத் தின்றுவிடக்கூடாது. நாற்பது வாயைக் காவல் காக்க ஓர் ஆளைப் போட்டால் அந்த ஆள் தின்பான். ஆகவே எடைக்காரர் சிங்காரம் மேஸ்திரி ஒரு வழி கண்டுபிடித்தார். பேசுகிற வாய் மெல்லாது. எப்போதும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். முதலில் பாட்டுப் பாடச் சொன்னார். நாலாம் நாளே பாட்டுகளெல்லாம் அவருடைய வழுக்கைத் தலையைப் பற்றியதாக ஆகிவிட்டன. பிறகு ஒருத்தி கதை சொல்ல, மற்றவர்கள் உம் கொட்ட வேண்டும் என்றார். கன்னத்தில் பத்துப் பருப்பை அடக்கிக்கொண்டும் 'உம்' என்று சொல்லலாம் என்பதைப் புஷ்பவள்ளி என்ற பெண் கண்டுபிடித்தாள். மூன்று வாரம் கழித்துத்தான் சிங்காரத்துக்கு அது தெரிந்தது.

"இனிமே உம் கிடையாது. வாயத் தொறந்து ஆமாங்க்கான்னு சொல்லணும். எனக்குப் பல்லு தெரியணும்" என்றார்.

"ஒங்களப் பாத்துப் பல்லக் காட்டுனா வூட்டுல அத்தை கோச்சுக்காதா மாமா?" என்றாள் புஷ்பவள்ளி.

அத்தை கோபித்துக்கொண்டாளோ என்னவோ, சட்டம் நிலைத்துவிட்டது. கதை சொல்லும் வேலை கொளஞ்சியம்மாளுக்கு வந்தது.

அவளுக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். கம்மாபுரத்துப் பக்கத்துப் பெண். வாழ்க்கைப்பட்டுக் கடலூர் வந்தவள். புருஷன் பினாங்குக்குக் கப்பல் ஏறினார். பினாங்கு பிடித்துப்போய் அங்கேயே இருந்துவிட்டார். அதைப் பற்றி அவள் வருத்தப்பட்டுப் பேசி நான் கேட்டதில்லை. "அங்க சோறு நல்லா இருக்குதாம்" என்பாள். ஒரே மகளைக் குமராட்சியில் கட்டிக்கொடுத்திருந்தாள். தனியாக ஒரு வாடகை வீட்டில் இருந்தாள். புளி வாங்கினாலும் புடவை வாங்கினாலும் மூன்று கடையில் விலை கேட்பாள். கேட்டுவிட்டு முதல் கடைக்கே திரும்பி வந்து வாங்குவாள். "ஏன்க்கா, மூணாவது கடையில கம்மியாச் சொன்னானே" என்றால், "அவன் கம்மியாச் சொன்னத இவங்கிட்ட சொல்லத்தான் அங்க போனேன்" என்பாள்.

நாளைக்கு ஒன்பது மணி நேரம் கதை சொல்வது சுலபமில்லை. சுவாமி கதைகள் ஆறு மாதத்தில் தீர்ந்தன. ஊர் வம்பு அதற்கு முன்பே தீர்ந்துவிட்டது. ஒரு நாள் நான் டின் அடுக்கும் மேஜைப்பக்கம் திரும்பி, "ஏன் தம்பி, நீதான் மத்தியானம் பூராப் புஸ்தகத்தப் பாத்துக்கினு கெடக்குறியே. அதுல ஒண்ணு சொல்லேன்" என்றாள். எனக்கு அத்தனை பெண்களுக்கு எதிரே பேசிப் பழக்கமில்லை. கையிலிருந்த பத்திரிகையிலிருந்து, எதுகை மோனை இல்லாமல் புதுசாக எழுதுகிறார்களே, அந்த மாதிரிக் கவிதை ஒன்றை மெதுவாகப் படித்தேன். ஏழு வரி. கொட்டகை சிறிது நேரம் காத்திருந்தது.

"மீதி எங்க தம்பி?"

"அவ்வளவுதான் அக்கா."

"காயிதம் பத்தலியா அவருக்கு?" என்றாள் புஷ்பவள்ளி.

பிறகுதான் எனக்கு அமெரிக்கப் பேப்பர் ஞாபகம் வந்தது. டின்கள் பெட்டிக்குள் ஆடாமல் இருக்க நடுவில் காகிதத்தைக் கசக்கித் திணிப்போம். சென்னையிலிருந்து கட்டுக் கட்டாக வருகிற பழைய பத்திரிகை. அமெரிக்காவிலே அச்சாகி, அங்கே படித்துத் தள்ளி, எடைக்கு விற்று, கப்பலேறி இங்கே வந்து, எங்கள் பருப்போடு மறுபடி கப்பலேறி அங்கேயே போகும். எட்டு ஒன்பது வருஷத்துக்கு முந்திய தேதிகள். கசக்குவதற்கு முன்னால் நான் படித்துப் பார்ப்பதுண்டு. அதில் ஒரு விவகாரம் பல நாள் தொடர்ந்து வந்திருந்தது. அதைக் கொளஞ்சியம்மாளிடம் தாழ்ந்த குரலில் சொல்வேன். அவள் அதைக் கொட்டகைக்குச் சொல்வாள்.

"ஊரு பேரு என்னா?"

"பேர் இருந்த இடம் கிழிஞ்சுபோச்சு அக்கா. அமெரிக்காவில் ஒரு மாகாணம்."

"சரி, கிழிஞ்ச மாகாணம்னு வச்சுக்குவோம்."

கிழிஞ்ச மாகாணத்தில் மூன்று பால் கம்பெனிகள். மாடு வைத்திருக்கிறவர்களிடம் மூன்றும் ஒரே விலைக்கு வாங்குகின்றன, அடிமாட்டு விலை. பட்டணத்தில் மூன்றும் ஒரே விலைக்கு விற்கின்றன, ஆனை விலை. கேட்டால், மார்க்கெட் அப்படி என்கிறார்கள். பொறுத்துப் பார்த்த குடியானவர்கள் ஒரு நாள் பால் கேன்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கம்பெனி வாசலில் ரோட்டிலே கொட்டினார்கள்.

"பாலையா? ரோட்டுலயா?"

இந்த இடத்தில் யாரும் ஆமாங்க்கா சொல்லவில்லை. ஒரு நிமிஷம் கொட்டகையில் சத்தமே இல்லை. சிங்காரம் எட்டிப் பார்த்தார்.

"கறந்த பாலக் கொட்டணும்னா அவன் வயிறு எப்பிடி எரிஞ்சிருக்கணும்" என்றாள் கொளஞ்சியம்மாள். ஆமாங்க்கா வந்தது.

தேர்தல் சமாசாரம் அவர்களுக்கு இன்னும் ருசித்தது. கம்பெனிகள் இரண்டு கட்சிக்கும் பணம் கொடுத்திருந்தன.

"ரெண்டுக்குமா?"

"ரெண்டுக்கும்தான்."

"அப்ப எலெக்‌ஷன் எதுக்கு?" என்றாள் புஷ்பவள்ளி.

கொளஞ்சியம்மாள் விரலைத் துடைத்தாள். "ரெண்டு சாவலுக்கும் தீனி போட்டவன் ஒருத்தன். எந்தச் சாவல் ஜெயிச்சா அவனுக்கென்ன?"

"ஆமாங்க்கா."

"பொம்பளைக்கு ஓட்டு உண்டா அங்க?"

உண்டு என்றேன். நமக்கும் எல்லோருக்கும் வரப்போகிறதாம் என்றும் சொன்னேன். "வரட்டும், வரட்டும். வந்தாத்தான் தெரியும் யாரு தீனி போடறாங்கன்னு" என்று ஒருத்தி சொன்னாள்.

பணம் வாங்காத செனட்டர் ஒருவர் இருந்தார். படத்தில் தடித்த கண்ணாடி போட்டிருந்ததால் கண்ணாடிக்காரர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவர் ஒரு கமிட்டி போட்டு மூன்று கம்பெனித் தலைவர்களையும் கூப்பிட்டு, வலது கையைத் தூக்கச் சொல்லி விசாரித்தார்.

"கையத் தூக்கினா ஆச்சா? கற்பூரம் கிடையாதா?"

"அங்கே அதெல்லாம் கிடையாது அக்கா."

"அப்பப் பொய்தான் சொல்லுவானுங்க."

பேப்பர் கட்டில் தேதி வரிசை கிடையாது. அன்றைக்கு எந்தக் காகிதம் கைக்கு வருகிறதோ அதுதான் அன்றைய கதை. இதனால் கண்ணாடிக்காரர் செவ்வாய்க்கிழமை தேர்தலில் தோற்றார், வியாழக்கிழமை ஜெயித்தார். தேதிப்படி அவர் ஜெயித்தது முன்பு, தோற்றது பின்பு என்று நான் சொன்னேன். "தேதிய நீ வச்சுக்க, கதைய எனக்குக் குடு" என்றாள். இதெல்லாம் நடந்து எட்டு வருஷமாகிறது என்றும் ஒரு தரம் எடுத்துச் சொன்னேன். "எட்டு வருஷத்துல கம்பெனிக்காரன் திருந்திட்டானா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

இப்படி இருக்கையில் வைகாசிக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை சிங்காரம் தராசுக்குப் பக்கத்தில் நின்று ஒரு சீட்டைப் படித்தார். இனிமேல் முழுப்பருப்புக்குத்தான் கூலி, உடைசலுக்குக் கிடையாது. அதுவரை உடைசலுக்கு அரைக்கூலி உண்டு.

"ஏன்?"

"அமெரிக்காவுல வெல எறங்கிடுச்சாம்."

மற்றவர்களுக்கு இது ஒரு கைப்பிடி நஷ்டம். கொளஞ்சியம்மாளுக்கு அப்படியில்லை. மடங்காத கட்டைவிரலால் உரிக்கிறபோது பருப்பு பிளந்துவிடும். அவள் உரிப்பதில் பாதி உடைசல். கூலியில் மூன்றில் ஒரு பங்கு அன்றே போயிற்று. இப்படியே போனால் ஆடிக்குள் வீட்டை ஒழித்துக் கொடுத்துவிட்டுக் குமராட்சிக்குப் போகவேண்டியதுதான் என்று அவளே சொன்னாள்.

"மருமவன் நல்லவர்தானே அக்கா?" என்றாள் புஷ்பவள்ளி.

"நல்லவன்தான். வான்னும் சொல்லமாட்டான், போன்னும் சொல்லமாட்டான். மாட்டுக்கு வைக்கோல் அள்ளிப் போடறாப்புல சோத்தப் போடுவான். நான் பேசினா அங்க ஆமாங்க்கா சொல்ல ஆள் ஏது?" என்று சிரித்தாள். சிரித்துவிட்டு உடைசலைத் தனியே ஒதுக்கினாள்.

அந்தச் சனிக்கிழமை சந்தையில் சேதி வந்தது. பழைய டவுனில் ரெட்டைக்கிளி மார்க் கொட்டகை ஒன்று உண்டு. சிதம்பரத்தில் தேர் மார்க் கொட்டகை. இரண்டிலும் அதே திங்கட்கிழமை உடைசல் கூலியை நிறுத்தியிருந்தார்கள். மூன்றுக்கும் ஒன்றுக்கொன்று ஆகாது என்று ஊருக்கே தெரியும். எங்கள் பெட்டியை அவர்கள் வண்டியில் ஏற்றமாட்டார்கள்.

"மூணு கடையிலயும் ஒரே வெல சொன்னான்னா, மூணு பேரும் மின்னாடியே உக்காந்து காப்பி குடிச்சிருக்கானுங்கன்னு அர்த்தம்" என்றாள் கொளஞ்சியம்மாள்.

சரியாக அந்த வாரம்தான் பேப்பரில் கண்ணாடிக்காரர் எழுந்து நின்று, "நீங்கள் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசி விலையைக் குறைத்தீர்களா, இல்லையா?" என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே, தொடர்ச்சி பதினாலாம் பக்கம் என்றிருந்தது. கட்டு முழுவதையும் அவிழ்த்துத் தேடினேன். பதினாலாம் பக்கம் இல்லை. ஏதாவது ஒரு டின்னோடு நியூயார்க்குக்குப் போய்க்கொண்டிருக்கும்.

கொளஞ்சியம்மாள் விரலைத் துடைத்தாள். "அவன் என்னா சொன்னான்னு அங்கதான தெரியாது. இங்க கேப்போம்."

கமிட்டியில் மூன்று பேர். கொளஞ்சியம்மாள், புஷ்பவள்ளி, எழுதிக்கொள்ள நான். எனக்கு விருப்பமா என்று யாரும் கேட்கவில்லை. முதல் சாட்சி சிங்காரம். வெள்ளிக்கிழமை மத்தியானம், கொட்டகை வாசல் பிள்ளையாருக்கு எதிரில்.

"நான் எதுக்குச் சத்தியம் பண்ணணும்? நானா மொதலாளி?"

"கூலி இல்லேன்னு சொன்னது ஒங்க வாயிதான மச்சான்" என்றாள் கொளஞ்சியம்மாள். "நான் சந்தேகப்படறது தப்புன்னு ஆனா, இத்தினி பேருக்கு மின்னாடி ஒங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுடறேன்."

கொளஞ்சியம்மாள் தம்மிடம் மன்னிப்புக் கேட்பதைச் சிங்காரம் மனதுக்குள் ஒரு தரம் நடத்திப் பார்த்தார் என்று நினைக்கிறேன். சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டார். கற்பூரம் ஏற்றினாள் புஷ்பவள்ளி.

"நீங்களோ நம்ம மொதலாளியோ, ரெட்டைக்கிளிக்காரங்களோடயும் தேர்க்காரங்களோடயும் பேசி வச்சிக்கினு கூலியக் கொறைச்சீங்களா?"

"நானும் பேசல, மொதலாளியும் பேசல. அவுங்க மூஞ்சியப் பாத்தே மூணு வருஷம் ஆவுது. எனக்கு மேலேருந்து சீட்டு வரும், படிப்பேன். அவ்ளோதான்" என்று முதலாளி இருக்கும் மாடியைக் காட்டிவிட்டு, உள்ளங்கையால் கற்பூரத்தை அழுத்தி அணைத்தார். கையை உதறிக்கொண்டே, "போதுமா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஜட்கா வைத்துக்கொண்டு பழைய டவுனுக்குப் போனோம். ரெட்டைக்கிளி எடைக்காரர் பக்கிரி சாப்பிட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"சிங்காரத்தோடயா? அந்த ஆளு தராசத் தொடச்சு நான் பாத்ததில்ல. அவரோட எனக்கு என்னா பேச்சு? எங்க மொதலாளிகிட்ட மயிலுன்னு சொன்னாலே கொத்த வருவாரு."

"அப்பக் கற்பூரத்த அணைங்க."

ஊதித்தான் அணைத்தார். கொளஞ்சியம்மாள் மறுபடி ஏற்றிக் கொடுத்தாள். கையால் அணைத்தார்.

மூன்றாவது சாட்சிக்காகச் சிதம்பரம். ஆனித் திருமஞ்சனத்துக்கு முதல் நாள், தேர் அன்று, கொட்டகைக்கு விடுமுறை. பாசஞ்சர் வண்டியில் நிற்க இடமில்லை. கீழவீதிக் கூட்டத்தில் தேர் மார்க் கணக்குப்பிள்ளை ஹேமசபேசனைக் கண்டுபிடித்தது புஷ்பவள்ளிதான். மெலிந்த மனிதர். அர்ச்சனைத் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"சத்தியமா? நடுத்தெருவுல வச்சா?" என்றார்.

"சாமியே இன்னைக்கு நடுத்தெருவுலதான இருக்காரு" என்றாள் கொளஞ்சியம்மாள்.

தட்டிலேயே கற்பூரம் இருந்தது. தேரைப் பார்த்துக்கொண்டு, "நான் யாரோடயும் பேசலைம்மா. எங்க மொதலாளியும் பேசறவர் இல்லே. எனக்குத் தபால் வரும், பிரிப்பேன், பலகையில எழுதிப் போடுவேன். இது சத்தியம்" என்று சொல்லி அணைத்தார். கை சுட்டதோ, தேர் நகர்ந்ததோ, அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. மூன்றையும் நான் எழுதிக்கொண்டேன்.

திரும்பும் வண்டியில் கிள்ளை தாண்டியும் கொளஞ்சியம்மாள் பேசவில்லை. பரங்கிப்பேட்டையில் புஷ்பவள்ளி தாங்கமாட்டாமல், "பொய் சொல்லியிருப்பாங்க, அக்கா" என்றாள்.

"சாமி தேருல நிக்கையிலயா? ஒருத்தன் சொல்லலாம். மூணு பேரு கையும் சுட்டிருக்கு. நான்தான் தப்பு."

மறுநாள் காலை சிங்காரம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தோளில் அங்கவஸ்திரத்தோடு தராசுக்குப் பக்கத்தில் நின்றார். கொளஞ்சியம்மாள் நேராக அவரிடம் போனாள். "நான் சொன்னது தப்பு மச்சான். மன்னிச்சிக்குங்க" என்றாள். சிங்காரம் தயாராக வைத்திருந்த பேச்சு எல்லாம் மறந்துபோய், "சரி சரி, வேலையப் பாருங்க" என்றார்.

வேலையைப் பார்த்தார்கள். கதை வரவில்லை. நாற்பது பேர் பருப்பு உரிக்கிற சத்தத்தை நான் அன்றுதான் முதல்தடவை கேட்டேன். ஓலைக் கூரையில் தூறல் விழுவது போலிருந்தது.

கொஞ்ச நேரம் பொறுத்துச் சிங்காரம் வந்தார். "என்னா கொளஞ்சி, கதை?"

"என்னத்தச் சொல்றது? நான் சொன்னதெல்லாம் தப்பாப் பூட்டுது. தப்பாச் சொல்றவளுக்கு இவுங்க எதுக்கு ஆமா போடணும்?"

அவள் வீம்புக்குச் சொல்லவில்லை. முகம் வாடித்தான் இருந்தது. ஆனால் சத்தமில்லாத கொட்டகை சிங்காரத்துக்கு ஆகவில்லை. வரிசையாக ஒவ்வொருத்தி எதிரிலும் குனிந்து, "ஆ காட்டு" என்றார். நாற்பது வாய் திறந்து மூடின. ஒன்றிலும் பருப்பில்லை. வேறு யாராவது கதை சொல்லுங்கள் என்றார். யாரும் சொல்லவில்லை. கடைசியில் தாமே மோடாவில் உட்கார்ந்து, "ஒரு ஊருல ஒரு ராஜா" என்று ஆரம்பித்தார். பதில் இல்லை. கொஞ்சம் காத்திருந்துவிட்டு, "ஆமாங்க்கா" என்று தாமே சொல்லிக்கொண்டார். புஷ்பவள்ளி சிரிப்பை அடக்கத் தூணுக்குப் பின்னால் போய்விட்டாள்.

பிற்பகல் முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தார். அவர் படியில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டதை நான் பார்த்தேன்.

"ஏன் சத்தமே இல்லே?"

"பேசலைங்க."

"திங்கறாளுங்களா?"

"வாயப் பாத்துட்டேங்க. இல்லைங்க."

"நீ பாக்கறப்போ திம்பாளுங்களா?"

சாயங்காலம் எடை போட்டார்கள். ஒரு ராத்தல்கூடக் குறையவில்லை. பேச்சில்லாமல் கையையே பார்த்துக்கொண்டு உரித்ததால் உடைசல்கூடக் கம்மி. இதைச் சிங்காரம் சந்தோஷமாக மாடிக்குப் போய்ச் சொன்னார். "எடை இவ்ளோ சரியா இருக்குன்னா அதுலதான் ஏதோ இருக்கு" என்று முதலாளி சொன்னதாகக் கீழே வந்து சொன்னார். அன்றிரவு முதலாளி தூங்கவில்லை என்பதும் மறுநாள் தெரிந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் கஞ்சி குடிக்கும்போது புஷ்பவள்ளி கொளஞ்சியம்மாளின் காதுக்குள், "அக்கா, கிழிஞ்ச மாகாணத்துல பாலக் கொட்டினாங்க இல்ல? நம்மகிட்ட கொட்ட என்னா இருக்குது?" என்றாள்.

கொளஞ்சியம்மாள் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். அதுவரை வெட்கத்தில் பேசாமல் இருந்தவள், அதற்குப் பிறகு வேண்டுமென்றே பேசாமல் இருந்தாள். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது, எனக்குத் தெரிந்தது. முதுகு நிமிர்ந்திருந்தது.

புதன்கிழமை சிங்காரம் கெஞ்சுகிற நிலைக்கு வந்துவிட்டார். "எதையாச்சும் பேசு கொளஞ்சி. என்னயத் திட்டிக்கூடப் பேசு. அவரு என்னயக் கொல்றாரு."

"மச்சான், பருப்பு உரிக்கத்தான் எங்களுக்குக் கூலி. பேசறதுக்குக் கூலி யாரு குடுத்தா? இத்தினி வருஷம் சும்மாப் பேசினோம். இனிமே பேசணும்னா உடைசலுக்குப் பழைய கூலியக் குடுக்கணும். குடுக்கலேன்னா, உரிப்போம். வாய மூடிக்கினு நல்லா உரிப்போம்."

"இதப் போயி மேல எப்பிடிச் சொல்லுவேன்?"

"படியேறிச் சொல்லுங்க."

மூன்று தரம் ஏறி இறங்கினார். முதல் தரம் முடியாது என்று வந்தது. இரண்டாம் தரம், ஆளை மாற்றிவிடுவேன் என்று வந்தது. பருவம் முடிகிற நேரத்தில் நாற்பது பேரை எங்கே பிடிப்பது என்று சிங்காரமே மேலே கேட்டிருக்கிறார். மூன்றாம் தரம் ஒன்றும் வரவில்லை. சாயங்காலம் முதலாளி தந்தி ஆபீசுக்குப் போவதை ஜட்காக்காரர் பார்த்தார். வியாழக்கிழமையும் தூறல் சத்தம்தான். வெள்ளிக்கிழமை காலை சிங்காரம் சீட்டைப் பிரித்துப் படித்தார். உடைசலுக்கு முன்போல அரைக்கூலி.

நாற்பது பேரும் கொளஞ்சியம்மாளைப் பார்த்தார்கள். அவள் பலகையில் உட்கார்ந்தாள். ஒரு பருப்பை எடுத்தாள். அது பிளந்தது, தட்டில் போட்டாள். பிறகு இடது கைக் கட்டைவிரலை மூன்று தரம் துடைத்தாள்.

"கண்ணாடிக்காரரு கேட்டாரா, பேசி வச்சிக்கினீங்களான்னு. அதுக்கு அந்தக் கம்பெனிக்காரன் என்னா சொன்னான் தெரியுமா?"

பதினாலாம் பக்கத்தை அவள் ஐந்து நாள் சொன்னாள். நானும் கேட்டேன். கம்பெனித் தலைவன் ஒருவன் சாட்சிக்கூண்டில் மயங்கி விழுந்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மாடியில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்கவில்லை. முதலாளி தூங்கிவிட்டார் என்று சிங்காரம் சொன்னார்.

அடுத்த வாரம் பழைய டவுனிலிருந்து பக்கிரி ஒரு வேலையாக இந்தப் பக்கம் வந்தார். சிங்காரத்தின் முகத்தைப் பார்க்காமல் நேராகக் கொளஞ்சியம்மாளிடம் போய், "ஏம்மா, நீங்க வாய மூடினீங்க, குடுத்தாங்க. சரி. எங்க கொட்டகையில எவளும் ஒரு நிமிசம் வாய மூடல. எங்களுக்கும் வெள்ளிக்கெழம காலையில வந்துடுச்சே. சிதம்பரத்துலயும் வந்துடுச்சாம். இது எப்பிடி?" என்று கேட்டார்.

"சும்மாவா? மூணு எடத்துலயும் கற்பூரம் ஏத்தினோமில்ல" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"ஆமாங்க்கா" என்றது கொட்டகை. பக்கிரியும் தலையை ஆட்டினார்.

அடுத்த வருஷம் நான் வேறு வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டேன். அவள் குமராட்சிக்குப் போகவில்லை. பொங்கலுக்கு மட்டும் போய் வருவதாகப் புஷ்பவள்ளி யாரிடமோ ஒரு கார்டு எழுதச் சொல்லி அனுப்பியிருந்தாள். 1954-ல், துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் பழைய ஏற்றுமதிப் பதிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரே தாளில் ஒரு மயிலையும் இரண்டு கிளிகளையும் ஒரு தேரையும் பார்த்தேன். மூன்று மார்க்கும் 1945-லிருந்து சென்னையில் ஒரே விலாசத்தில், ஒரே கம்பெனிக்குச் சொந்தமாக இருந்தன. அந்தக் கம்பெனியில் பாதிப் பங்கு நியூயார்க்கில் எங்கள் பெட்டிகளை வாங்கிக்கொண்டிருந்தவர்களுடையது. எங்கள் முதலாளி உள்பட மூன்று முதலாளிகளும் அந்தச் சென்னைக் கம்பெனியில் மாதச் சம்பளக்காரர்கள்.